தளிக்கு ஒரு கணக்கு, காரிமங்கலத்துக்கு ஒரு கணக்கு: புழு மனைக்கு மண்ணடிக் காற்றுக்குழாய் போடலாமா?

போன சித்திரையில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு காரிமங்கலத்தில் எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனைக்குள் வெப்பமானி 36 டிகிரி காட்டியது. நாலாம் தோலுரிப்பு முடிந்து இலையை அள்ளி அள்ளித் தின்ன வேண்டிய புழுக்கள், தலையைத் தூக்கிக்கொண்டு தாங்கியின் ஓரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. ஜன்னல்களில் ஈரச் சாக்கு கட்டினோம். தரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆனாலும் பால்புழு நோய் விழுந்துவிட்டது. மார்கழியில் எடுத்த கூட்டில் பாதிகூட அந்தப் பட்டத்தில், அதாவது அந்தச் சுற்று வளர்ப்பில், தேறவில்லை. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அரை வண்டிச் சரக்கோடு போய் நின்ற அந்தக் காலையை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்னால், தையில், ஓசூர் மேட்டில் உள்ள தளிப் பக்கம் வாக்கப்பட்ட அக்கா வீட்டில் நேர் எதிரான தொல்லை. விடியற்காலையில் மனைக்குள் 17 டிகிரி. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தி, உள்ளே கரிக் கணப்பு வைத்தார்கள். புகையும் புழு எச்சத்தின் அமோனியா நெடியும் சேர்ந்து மாமாவுக்கு மூன்று நாள் தலைவலி. ஈரம் வெளியேற வழியில்லாமல் புழுக்களுக்குச் சுண்ணாம்புக்கட்டி நோய் என்ற பூஞ்சை நோய் வந்தது.

இந்த இரண்டு நஷ்டத்துக்கும் பிறகுதான் மாமா ஒருநாள் போனில் கேட்டார். "மாப்ள, மண்ணுக்குள்ள பைப்பப் பொதச்சு காத்து இழுத்தா வெயில்ல குளுகுளுன்னு, பனியில வெதுவெதுன்னு வருதாமே. ஏசி மாதிரியாம். ரெண்டு வீட்டுக்கும் போட்டுடலாமா?"

"ஏசி மாதிரி இருக்காது மாமா. ஆனா உங்க வீட்டுக்கு அதான் சரின்னு தோணுது. எங்க வீட்டுக்குச் சரிப்படாது. கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்குதான் இது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மனை வைத்திருக்கும் யாருக்கும் இதே கேள்வி வரலாம் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

மண் என்ன செய்கிறது

பகல் இரவு வெப்ப ஏற்ற இறக்கம் மண்ணுக்குள் இரண்டு அடி இறங்குவதற்குள் அடங்கிவிடும். கோடைக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு இன்னும் ஆழமாக இறங்கும். ஆனால் 3 மீட்டருக்குக் கீழே அதுவும் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அங்கே இருப்பது கிட்டத்தட்ட அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம். வெயில் நேரே விழும் வெற்று மண்ணாக இருந்தால் அதற்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி கூடும்.

இதில் நம் ஊர்களுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வடக்கே கோடையும் குளிரும் இருபது டிகிரி தள்ளி நிற்கும். அதனால் அங்கே ஆழமாகத் தோண்ட வேண்டும். டெல்லியை அடுத்த குர்கானுக்குப் பக்கத்தில் குவால் பஹாரியில் டெரி (TERI) என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனம் கட்டிய பயிற்சி மையத்தில் 4 மீட்டர் ஆழத்தில், 70 மீட்டர் நீளத்தில், ஒன்றல்ல, நான்கு காற்றுச் சுரங்கங்களைப் பதித்திருக்கிறார்கள். அவ்வளவு செய்தும், மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குறைக்கத் தனிக் கருவி துணைக்கு வேண்டியிருந்தது. நம் பக்கம் மே மாதச் சராசரிக்கும் டிசம்பர் சராசரிக்கும் வேறுபாடு அதில் பாதிகூட இல்லை. ஆகவே 2 முதல் 2.5 மீட்டர், அதாவது ஏழெட்டு அடி ஆழமே போதும். பாறை நாட்டுக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இன்னொரு நன்மையும் உண்டு. மேலே அடிக்கும் வெயில் அந்த ஆழத்துக்கு இறங்க இரண்டு மாதமாவது பிடிக்கும். சித்திரையில் நாம் வேகும்போது கீழே மண் இன்னும் முழுச்சூட்டுக்கு வந்திருக்காது. மார்கழியில் நாம் நடுங்கும்போது மழைக்கால வெதுவெதுப்பு கீழே மிச்சமிருக்கும்.

தர்மபுரி, காரிமங்கலம், கிருஷ்ணகிரிச் சமவெளியில் அந்த மண்ணின் வெப்பம் சுமார் 27, 28 டிகிரி. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் தேன்கனிக்கோட்டை, தளி மேட்டிலும் சுமார் 24, 25. இப்போது புழுவின் தேவையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு பருவத்து, அதாவது இரண்டாம் தோலுரிப்பு வரையிலான, இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரமும் வேண்டும். நாலாம் தோலுரிப்பு தாண்டிய ஐந்தாம் பருவத்துப் பெரிய புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரமும் போதும். ஆக, தர்மபுரி மண் இளம்புழுவுக்கு ஏற்ற மண், தளி மண் பெரிய புழுவுக்கு ஏற்ற மண். இதைக் கண்டுகொண்டபோதே முக்கால் முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் தோலுரிப்பு தாண்டிய புழுவைத்தான் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து வாங்கி வருகிறோம். சமவெளியில் நம் மனைக்கு 28 டிகிரிக் காற்று வந்தாலும் பெரிய புழுவுக்கு அது அரை மருந்துதான்.

எங்கள் மனை: குழாயும் மற்ற வழிகளும்

எங்கள் மனை 50 அடி நீளம், 20 அடி அகலம், சராசரி 12 அடி உயரம். உள்ளே 340 கன மீட்டர் காற்று. மேலே சிமெண்டு ஷீட்.

8 அங்குலக் குழாய் ஒன்றில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால் மணிக்கு 340 கன மீட்டர் வரும். மனையின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது என்று பொருள். வெளியே 38, மண் 28 என்றால், 30 மீட்டர் நீளக் குழாயின் மறுமுனையில் 29 டிகிரிக் காற்று கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று இழந்து வந்த வெப்பத்தைக் கணக்கிட்டால் 1 கிலோவாட் அளவே தேறும். ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியேற்றும் சூடு 3.5 கிலோவாட். வெயிலில் 60 டிகிரி வரை காயும் ஷீட் கூரை எங்கள் மனைக்குள் இறக்கும் சூடு, என் கணக்கில் 10 கிலோவாட்டைத் தாண்டுகிறது. ஒரு குழாய் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சமாளிக்காது.

மாமாவின் "ஏசி மாதிரி" என்ற பேச்சில் உள்ள பிழை இதுதான். குழாய் உள்ளே வரும் காற்றைத்தான் பதப்படுத்துகிறது. கூரையும் சுவரும் வாங்கிய சூட்டோடு மல்லுக்கு நிற்கும் வலு அதற்கு இல்லை. வீட்டுக்குப் போட நினைப்பவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே எங்கள் மனைக்கு முதல் வேலை கூரை. ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு, அதற்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்கும் ஷீட்டுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். கீற்றை ஷீட்டின் மேல் ஒட்டிப் போட்டால் பாதிப் பயன் போய்விடும். மேற்குச் சுவருக்கு நிழல் தர அகத்தியோ முருங்கையோ நட்டால் ஒரே வருடத்தில் கைக்கு வரும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, குழாய்க்குப் பள்ளம் வெட்டும் கூலிக்குள் அடங்கும்.

அடுத்தது தண்ணீர்க் குளிர்ச்சி. நம் சமவெளியின் கோடைக் காற்று காய்ந்த காற்று. 37 டிகிரியும் 30 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றை, கூலரில் வைக்கும் நனைந்த தேன்கூடு அட்டை வழியாக இழுத்தால் 26 டிகிரிக்கு இறங்கும். குழாய் 28க்குக் கீழே போகவே முடியாது. தண்ணீர் அதையும் தாண்டிப் போகிறது. மனையின் ஒரு முனையில் அட்டைச் சுவர், எதிர்முனையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து மணிக்குப் பத்து முறை காற்று மாறும்படி இழுத்தால், ஒரு பிற்பகலுக்கு 150 லிட்டர் ஆவியாகும். அதே வேலையைக் குழாயை வைத்துச் செய்ய 8 அங்குலக் குழாய் பத்து வேண்டும். அப்போதும் இந்தக் குளிர்ச்சி வராது. காற்றோடு ஈரமும் சேர்ந்து வருவதால் சித்திரை வைகாசியில் போட்ட இலை சீக்கிரம் வாடாது. இது புழு வளர்ப்பவனுக்குக் கிடைக்கும் தனி லாபம்.

குறையும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வீட்டுக் குழாய்க்கு வருகிறது, மனைக்கு அல்ல. உப்புத் தண்ணீரையே சுற்றிச் சுற்றி விட்டால் ஒரே கோடையில் அட்டை வெள்ளைப் பாறையாகிவிடும். தினமும் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். அதையும் சேர்த்தால் நாளுக்கு 200 லிட்டர். கிடைத்தால் மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுப்பது நல்லது. ஐப்பசியில் காற்றே ஈரமாக இருக்கும்போது கூலர் மூன்று டிகிரிக்கு மேல் குறைக்காது. அந்தக் காலத்தில் அதை ஓட்டினால் ஈரம் ஏறி நோய்தான் வரும். தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்ட வேண்டும்.

ஏசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அளவு மனைக்கு நான்கு டன்னாவது வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு முப்பது யூனிட்டுக்குக் குறையாது. அது உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும், அமோனியா உள்ளேயே நிற்கும், இலை காயும். பெரிய புழு மனைக்கு அது பொருந்தாத கருவி.

சமவெளியில் இரவு நேரத்தையும் மறக்கக் கூடாது. சித்திரையிலும் விடியற்காலையில் வெளிக்காற்று 25 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. மண்ணைவிட அதுதான் குளிர்ச்சி. புழுவின் மேல் முட்டையிடும் ஊசி ஈ வராதபடி நைலான் வலை அடித்து, ஜன்னலைத் திறந்துவைத்தால் இலவசமாகக் கிடைப்பதை எதற்குக் குழாய் வழியாக இழுக்க வேண்டும்?

இவ்வளவும் சொன்ன பிறகும், தர்மபுரிப் பக்கம் குழாய்க்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. அது இளம்புழு அறை. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். அதற்கு 6 அங்குலக் குழாய் ஒன்று, 25 மீட்டர் நீளத்தில் போட்டால், அதே வேகத்தில் மணிக்கு ஐந்தரை முறை காற்று மாறும், வேண்டிய 28 டிகிரியை ஒட்டியே வரும். ஈரம் மட்டும் போதாது. வெளியே 30 விழுக்காடு ஈரத்தோடு இருந்த காற்று குழாயில் குளிர்ந்து வரும்போது 50 விழுக்காட்டைத் தொடும். மீதிக்கு ஈரச் சாக்கோ, ஈரப்பதமூட்டியோ வைத்துக்கொள்ள வேண்டும். இளம்புழு மையம் நடத்துபவர்கள் இதை யோசிக்கலாம். அறைக்குச் சரியான கூரை இருந்தால் மட்டும்.

அக்கா மனை: குளிர்தான் எதிரி

தளியில் கணக்கு தலைகீழ். அங்கே மார்கழி, தையில் விடியற்காலை வெளிக்காற்று 14 டிகிரிக்கு வந்துவிடுகிறது. பெரிய புழுவுக்கு 24 வேண்டும். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் அமோனியாவும் ஈரமும். சுண்ணாம்புக்கட்டி நோய்க்குப் பிடித்தது குளிரும் ஈரமும் சேர்ந்த இந்தச் சூழல்தான். அந்த மனைக்கு வேண்டியது காற்று, அதுவும் குளிராத காற்று. குழாய் கொடுப்பதும் துல்லியமாக அதையே.

அக்கா மனையும் எங்கள் அளவுதான். 8 அங்குலக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். மணிக்கு இரண்டு முறை காற்று மாறும். 14 டிகிரியில் உள்ளே போகும் காற்று 22, 23 டிகிரியாக வெளிவரும். அதற்குக் கிடைத்த சூடு சுமார் 1.9 கிலோவாட். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்றை இரவு முழுக்க எரிப்பதற்குச் சமம். பத்து மணி நேரத்துக்கு ஹீட்டர் 20 யூனிட் கேட்கும். குழாய்க்கு இரண்டு சிறிய ஃபேன் ஓட 2 யூனிட் போதும். கரியும் வேண்டாம், புகையும் இல்லை. ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும் புழுக்களின் உடல் சூடும் கொஞ்சம் சேரும். நடுக்கும் இரவுகளில் மீதி ஒன்றிரண்டு டிகிரிக்கு ஒரு சிறு ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். குழாயே முழுதாகச் சுமக்கும் என்று நான் மாமாவிடம் சொல்லவில்லை.

கோடையிலும் அதே குழாய் உதவும். தளியில் பங்குனி, சித்திரைப் பகல் 34, 35 வரை போகும். மண் 25 இருக்கும்போது 26, 27 டிகிரிக் காற்று வரும். பெரிய புழு தாங்கக்கூடிய அளவு அது. ஒரே பள்ளம் இரண்டு பருவத்துக்கும் வேலை செய்வதால் போட்ட முதல் அங்கே வீணாகாது. எங்கள் ஊரில் குளிர்காலத் தேவையே பெரிதாக இல்லாததால் வருடத்தில் பாதி நாள் அது சும்மா கிடக்கும்.

போடுவதென்றால்

முதலில் சோதனைப் பள்ளம். நம் இரு மாவட்டமும் கருங்கல் பூமி. நாலு அடியில் பாறை தட்டுமா, எட்டு அடி வரை மொரம்பு போகுமா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பாறையென்றால் ஜேசிபி பக்கெட்டை எடுத்துவிட்டு பிரேக்கர் மாட்ட வேண்டும். அதோடு செலவுக் கணக்கு கைவிட்டுப் போகும். பள்ளம் வெட்டியதும் அடியில் பக்கச் சுவருக்குள் ஒரு முழம் துளைத்து, வெப்பமானியைச் செருகி அரைமணி நேரம் கழித்துப் படியுங்கள். போர் தண்ணீரை வைத்து மண் வெப்பத்தைக் கணிக்காதீர்கள். ஆயிரம் அடியிலிருந்து வரும் தண்ணீர் அந்த ஆழத்துச் சூட்டைத்தான் சொல்லும்.

வறண்ட கிணறு சும்மா கிடக்கிறதே, அதிலிருந்தே காற்றை இழுத்துவிடலாமே என்று பெரியப்பா கேட்டார். கூடாது. பழைய கிணற்றின் அடியில் கெட்ட காற்று தேங்கியிருக்கும். இறங்கியவர்கள் மூச்சு முட்டி இறந்துபோகும் கிணறுகள் அவை. அந்தக் காற்றைப் புழு இருக்கும் அறைக்குள்ளோ மனிதர் படுக்கும் அறைக்குள்ளோ கொண்டுவரக் கூடாது.

குழாய் உள்ளே வழவழப்பான பி.வி.சி.யாக இருக்கட்டும். விலை குறைவென்று வரிவரியாக மடிப்புள்ள குழாயைப் போட்டால் மடிப்பு தோறும் தண்ணீரும் தூசியும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். புழு மனையில் பூஞ்சையை நாமே வளர்த்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். இணைப்புகளைப் பசை போட்டு இறுக்க வேண்டும். மல்பெரி வேர் ஆழமாகப் போகும், சின்னச் சந்து கிடைத்தாலும் நுழையும். கருங்கல் பூமியிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் உள்ளே வராமல் இருக்க இந்த இறுக்கம் வேண்டும். வீட்டுக்குப் போடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குழாய் நூறு அடிக்கு ஒன்றரை அடி என்ற சரிவில் இறங்கி, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிய ஒரு மூடிய குழியில் முடியட்டும். இரண்டு குழாய்க்கும் நடுவே மூன்றடிக்கு மேல் இடைவெளி விடுங்கள். நெருங்கிக் கிடந்தால் ஒன்றின் சூட்டை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். குழாயைச் சுற்றிக் கல் இல்லாத பொடிமண்ணைப் போட்டு நனைத்து இடிக்க வேண்டும். கல்லுக்கு நடுவே காற்று இருந்தால் மண்ணின் சூடு குழாயைத் தொடாது.

மல்பெரித் தோட்டத்துக்கு அடியில் போடுவதுதான் எனக்குப் பிடித்த யோசனை. மேலே இலை நிழல், சொட்டுநீரால் எப்போதும் ஈர மண். ஈர மண் காய்ந்த மண்ணைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் காற்று இழுக்கும் வாயை எங்கே வைக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. பக்கத்து நிலத்தில் தக்காளிக்கு மருந்தடிப்பார்கள். அந்தக் காற்று குழாய்க்குள் நுழைந்தால் ஒரு பட்டமே ஒரே பிற்பகலில் போய்விடும். காற்றடிக்கும் திசை பார்த்து, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், வலையும் எலி நுழையாத கம்பியும் போட்டு, மருந்தடிக்கும் நாளில் மூடிவிடும்படி ஒரு மூடியோடு வையுங்கள்.

ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் மனையை 2 விழுக்காடு பிளீச்சிங் பவுடரும் 0.3 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கரைசலால் கழுவுகிறோம். குழாயையும் அதே கரைசலை மேல்முனையில் ஊற்றி, குழியில் இறைத்து, ஒரு நாள் ஃபேனை ஓட்டிக் காயவைக்க வேண்டும். இதற்கு மெனக்கெட மாட்டேன் என்பவர் குழாய் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஐப்பசியில் மாமாவும் நானும் இரண்டு ஊரிலும் சோதனைப் பள்ளம் வெட்டிப் பார்த்தோம். எங்கள் நிலத்தில் நாலரை அடியில் கடப்பாறை நெருப்பு கக்கியது. நான் கூரைக்குச் சுண்ணாம்பு வாங்கிவிட்டேன், தேன்கூடு அட்டைக்கும் அளவு கொடுத்தாயிற்று. அக்கா நிலத்தில் எட்டு அடி வரை செம்மண்ணும் மொரம்பும்தான். அடியில் வெப்பமானி 24.5 காட்டியது. வைகாசிப் பட்டம் முடிந்து மனை காலியாக இருக்கும் இரண்டு வாரத்தில் அங்கே பள்ளம் வெட்டப் போகிறார்கள். ஆடி, ஆவணி மழையில் மண் அமுங்கிவிடும். மார்கழியில் முதல் குளிர் இரவன்று, குழாய் வாய்க்கு நேரே ஒரு வெப்பமானியும் புழுத் தாங்கியின் நடுவே ஒன்றும் கட்டிவிட்டு, கணப்பு மூட்டாமல் விடியும்வரை பார்ப்பதாக மாமா சொல்லியிருக்கிறார். நானும் அன்றைக்குத் தளியில்தான் இருப்பேன்.